மாடு நடந்தால் கொக்குக்கு உணவு

கொழும்பின் வட எல்லையில் களனி கங்கை கடலோடு கலக்குமிடம் முகத்துவாரம். ஆற்றின் வாயாதலின் அப்பெயர் பெற்றது. மீன்படகுகளைக் காண அங்குச் செல்வோர் பலர். ஒரு மாலை அங்குச் சென்ற நாம் கண்டதோ வேறொரு காட்சி.

ஆற்றோரப் புற்றரையில் செவலைப் பசு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதன் காலடியில் மூன்று வெண்கொக்குகள். பசு ஓரடி வைத்தால் அவையும் ஓரடி வைத்தன. அது நின்றால் அவையும் நின்றன. பசுவுக்குரிய பெரியவர் எமது வியப்பைக் கண்டு நகைத்தார். "இவள் கால் எடுத்து வைத்தால்தான், ஐயா, அவர்களுக்குச் சாப்பாடு" என்றார்.

அவர் கூற்று உண்மையே. இப்பறவையின் பெயர் உண்ணிக்கொக்கு. மாட்டின் உண்ணியைக் கொத்துவதும் உண்டு. ஆயினும் வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளே அதற்குப் பேருணவு. புல்லிற் பதுங்கிய வெட்டுக்கிளி குளம்புக்கு அஞ்சித் துள்ளும். கொக்கு அதனைக் கவ்விக்கொள்ளும். தனித்துத் தேடுவதினும் மாட்டைத் தொடர்ந்து தேடுகையில் குறைந்த உழைப்பில் மிகுந்த இரை கிட்டுகிறதென ஆராய்ச்சியாளர் அளந்து கண்டுள்ளனர். மாட்டுக்கோ இதனால் இழப்பில்லை.

இத்தகைய உறவு காட்டிலும் உண்டு. யால வனத்தில் எருமைகளின் பின்னே இக்கொக்குகள் செல்லும். காட்டுக்கோழி யானை இலத்தியைக் கிளறிப் பூச்சி பொறுக்கும். மனிதன் மாடு வளர்க்கத் தொடங்கவே கொக்கும் ஊர்ப்புறத்தை நாடிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வினம் அத்திலாந்திக் கடலையே கடந்து தென் அமெரிக்காவை அடைந்து, அங்குள்ள மேய்ச்சல் நிலங்களிற் பெருகியது.

"முன்பு என்னிடம் ஏழு மாடுகள் இருந்தன, இப்போது இவள் ஒருத்திதான். மேய்க்க இடமேது?" என்றார் பெரியவர். 2018இல் கொழும்பு, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமென்ற சிறப்பைப் பெற்றது. ஆற்றுக்கு வடக்கே முத்துராஜவெலச் சதுப்பின் ஒரு பகுதி 1996இல் சரணாலயமாயிற்று. இவை மகிழத்தக்கனவே. எனினும், ஊர் நடுவேயுள்ள சிறு புற்றரைகளுக்குப் பட்டமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அவை மறையுமிடத்துக் கொக்குகள் குப்பைமேட்டில் ஈ பொறுக்கி உயிர்வாழ்கின்றன.

பொழுது சாய்ந்தது. கொக்குகள் எழுந்து ஆற்றைக் கடந்தன. பசு ஒழுங்கை வழியே வீடு நோக்கி நடந்தது. நாளையும் கொக்கு வருமா என்பது பசுவைப் பொறுத்தது. பசு வருவது புல்லைப் பொறுத்தது. புல் நிற்பதோ நம்மைப் பொறுத்தது.