உள்பக்கம் பார்க்கலாமா?

நான் பழைய ஜப்பானியக் கவசங்களின் பாகங்களைச் சேகரிக்கிறேன். என்னிடம் இருப்பவை ஒரு தலைக்கவசம், ஒரு முகக்கவசம், ஒரு ஜோடிக் கைக்கவசம். முழுக் கவசம் வாங்க வசதியில்லை. வைக்க இடமும் இல்லை. மென்பொருள் வேலைக்காக ஒசாகா வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. இந்தச் சேகரிப்புக்கு வயது ஏழு.

ஊரில் இதைச் சொன்னால், "உன் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்குமா?" என்று கேட்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்கு அவருடையதாகத்தான் இருக்க முடியும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. தோழிகளின் கேள்வி வேறு. ஆண்கள் சண்டைக்குப் போட்டுக்கொண்ட இரும்புச் சட்டையை ஒரு பெண்ணியவாதி ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? இது நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு விஷயம். இன்று சந்தையில் கிடைக்கும் அசல் கவசங்களில் பெரும்பாலானவை எடோ காலத்தவை, அதாவது 1603 முதல் 1868 வரை செய்யப்பட்டவை. 1637–38 ஷிமபாரா கிளர்ச்சிக்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஜப்பானில் பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் கவசங்கள் செய்யப்பட்டுக்கொண்டே இருந்தன. பிரபுக்களின் ஊர்வலத்தில் அணியவும், வீட்டுக் கூடத்தில் பெட்டிமேல் உட்காரவைத்துக் காட்டவும் அவை தேவைப்பட்டன. காலம் செல்லச்செல்ல அலங்காரம் கூடியது. வழக்கொழிந்த பழைய பாணிகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். போரே பார்க்காத ஆண்கள் தங்கள் முன்னோரின் வீரத்தை இரும்பிலும் பட்டிலும் செய்து கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆண்மை என்பது எவ்வளவு செலவு பிடிக்கும் காட்சி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருளை நான் பார்த்ததில்லை. என் ஆர்வம் அங்கேதான் தொடங்கியது.

1868இல் சாமுராய் ஆட்சி முடிந்தது. 1876இல் பொது இடத்தில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டது. வருமானம் இழந்த குடும்பங்கள் கவசங்களை விற்றன. வெளிநாட்டவர்கள் அவற்றை அலங்காரப் பொருளாக வாங்கிப் போனார்கள். ஒரு வீட்டுத் தலைக்கவசமும் இன்னொரு வீட்டு மார்புக்கவசமும் சேர்த்துக் கட்டப்பட்டு ‘முழுக் கவசம்’ ஆயின. ஜப்பானில் வாளுக்கு அரசுப் பதிவுச் சான்று கட்டாயம். கவசத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஜப்பான் கவச ஆய்வு, பாதுகாப்புச் சங்கம் ஆராய்ந்து தரம் பிரித்துச் சான்று தருகிறது என்றாலும், சந்தைக்கு வருபவற்றில் பல சான்று இல்லாமலேயே வருகின்றன. ஆகவே, வாங்குபவர் கண்ணையும் கையையும்தான் நம்ப வேண்டும்.

நகல் என்றாலே மோசடி அல்ல. மே 5 அன்று ஆண் குழந்தை இருக்கும் வீடுகளில் சிறிய கவச பொம்மைகளை வைப்பது வழக்கம். ஊர்த் திருவிழாக்களுக்கும் திரைப்படங்களுக்கும் அணியத்தக்க கவசங்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன. ககோஷிமாவில் உள்ள மருதகே நிறுவனம் இதில் பெயர்பெற்றது. அவை புதியவை என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. சில ஆண்டுகள் கொட்டகையில் கிடந்து தூசி படிந்த பிறகு, அவற்றில் ஒன்று ‘எடோ காலத்தது’ என்ற சீட்டுடன் வேறொருவர் கடைக்கு வரும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கியோட்டோவில் பழைய துணிகள் விற்கும் ஒரு மூதாட்டி. கவசத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பார். ஆனால் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் போடுவார். முன்பக்கம் பிறர் பார்ப்பதற்காகச் செய்தது, உள்பக்கம் செய்தவரின் கை போன இடம் என்பது அவர் கணக்கு.

வரிவரியாக மேடுகள் கொண்ட பழைய தலைக்கவசம் பல தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஆணியடித்துச் செய்யப்படுவது. 62 தகடுகள் கொண்டவை நிறைய உண்டு. மலிவான நகலில் ஒரே தகட்டை அச்சில் அழுத்தி மேடுகளை வரவழைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் துணி கிழிந்த இடத்தில் விளக்கடித்துப் பார்த்தால் தகடுகளின் விளிம்பு தெரிகிறதா இல்லையா என்பது புரிந்துவிடும். அரக்கு அடுத்த சாட்சி. ஜப்பானில் ஒரு மரத்தின் பாலிலிருந்து எடுக்கும் உருஷி என்ற அரக்கைப் பல பூச்சுகளாகப் பூசுவார்கள். அது பெயரும்போது அடுக்கடுக்காகப் பெயரும். அடியில் மண்நிறப் பூச்சு தெரியும். தெளிப்பானில் அடித்த பெயின்ட் மெல்லிய தோலாக உரியும், அல்லது கீறல் விழுந்து நேராக உலோகத்தைக் காட்டும். அந்த உலோகம் அலுமினியமாக இருந்தால் மேற்கொண்டு பார்க்க எதுவுமில்லை. கூட்டல்குறி வெட்டிய திருகாணி கண்ணில் பட்டாலும் அப்படியே.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பட்டுக் கயிறு. கவசத்தின் வரிசைகளை ஒன்றோடொன்று கோத்திருப்பது பின்னிய பட்டு நாடா. பழைய நாடாவில் வெளிச்சம் பட்ட பகுதி வெளிறியிருக்கும். ஒரு வரிசை மற்றொன்றை மூடிய இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். செயற்கை இழை எங்கும் ஒரே நிறமாக, ஒரே மினுமினுப்பாக இருக்கும். ஆனால் இதில் அவசரம் கூடாது. பட்டு இரும்பைவிடச் சீக்கிரம் மட்கும் என்பதால் அசல் கவசங்களைப் பலமுறை அவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள். கயிறு புதிது என்பதால் கவசமும் புதிது என்று ஆகிவிடாது. தகட்டின் துளைகள் பழைய கயிறு உராய்ந்து தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அசலுக்குள்ளேயே போலிகள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான சிறு செதில்களைக் கோப்பது செலவு பிடிக்கும் வேலை. ஆகவே நீளமான ஒரே தகட்டின் விளிம்பை வெட்டி, மேலே அரக்கைத் தடிப்பாக ஏற்றி, தனித்தனிச் செதில்கள் போலத் தோன்றச் செய்யும் முறை பழங்காலத்திலேயே இருந்தது. அரக்குப் பெயர்ந்த இடத்தில் மட்டும்தான் அது தெரியவரும். இப்படிப் பார்க்கப் பார்க்க, ‘அசலா, போலியா’ என்ற ஒற்றைக் கேள்வி போதாது என்று தெரிந்துகொண்டேன். எது எப்போது செய்யப்பட்டது, எது பிறகு சேர்ந்தது, யார் என்ன சொல்லி விற்கிறார்கள் என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காரர் எனக்கென்றே எடுத்துவைத்திருப்பதாகச் சொல்லி ஒரு சிறிய கவசத்தைக் காட்டினார். கடைகளில் என்னை ‘ஒக்குசான்’ என்றுதான் அழைப்பார்கள். மணமான பெண்ணை, இல்லத்தரசியை மரியாதையாக விளிக்கும் சொல். "ஒக்குசான், இது பெண் சாமுராய் அணிந்தது" என்றார். அதே நிலையிலுள்ள ஆண் கவசத்தைவிட விலை அதிகம். "உள்பக்கம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அரக்கு, தகடு, துளைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. எடோ காலப் பிற்பகுதி என்று நம்பலாம். "பெண் அணிந்தது என்று எப்படித் தெரியும்?" என்றேன். "சிறிதாக இருக்கிறதே" என்றார்.

அவ்வளவுதான் ஆதாரம். எடோ கால ஆண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 155 முதல் 158 செ.மீ. என்று எலும்புகளை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். என் உயரமும் அதுதான். தவிர, சாமுராய் குடும்பத்துச் சிறுவன் முதன்முறை கவசம் அணிவதற்கு ஒரு சடங்கு உண்டு. அதற்காகச் சிறுவர் கவசங்களும் செய்யப்பட்டன. என் முன்னால் இருந்தது அப்படி ஒரு சிறுவனுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிறியது என்றால் பெண்ணுடையது என்று அவர் சொன்னதில் ஏமாற்று இருந்ததாக நான் நினைக்கவில்லை. பெண் என்றால் அளவில் குறைந்த ஆண் என்ற பழைய எண்ணம்தான் அங்கே விலைச்சீட்டாகத் தொங்கியது. பெண்ணுக்காகவே எழுதப்பட்ட ஒரு பொய் என் போன்ற பெண்களைத்தான் வாடிக்கையாளராகத் தேடுகிறது என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

இதே கேள்வி அருங்காட்சியகத்திலும் உண்டு. எஹிமே மாவட்டத்தில் ஒமிஷிமா என்ற தீவில் ஒயமசுமி கோயில் இருக்கிறது. போர்வீரர்கள் காணிக்கையாகக் கொடுத்த பழைய கவசங்களுக்குப் பேர்போன இடம். அங்குள்ள ஒரு கவசம் மார்பில் அகன்று, இடுப்பில் நன்றாகக் குறுகியிருக்கும். 16ஆம் நூற்றாண்டில் படை நடத்தியதாகச் சொல்லப்படும் சுருஹிமே என்ற அர்ச்சகர் மகளின் கவசம் அது, ஜப்பானில் எஞ்சியிருக்கும் ஒரே பெண் கவசம் அது என்பது பரவலான நம்பிக்கை. 1966இல் வந்த ஒரு நாவல்தான் இந்தக் கதையை நாடெங்கும் கொண்டுசென்றது. இன்று தீவில் அவள் பெயரில் விழாவும் நடக்கிறது.

அந்தக் கவசத்தின் முன் நீண்ட நேரம் நின்றேன். நம்ப வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் இடுப்பு குறுகுவதற்கு வேறு காரணம் உண்டு. கவசத்தின் பாரம் முழுவதும் தோளில் இறங்கினால் நெடுநேரம் நடக்க முடியாது. இடுப்பை இறுக்கிப் பிடித்தால் பாரத்தின் ஒரு பங்கு இடுப்பெலும்புக்குப் போகும். குடத்தை இடுப்பில் வைத்துச் சுமந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து ஆண் கவசங்களும் இடுப்பில் குறுகியே இருக்கின்றன. இதனால்தான் ஆய்வாளர்கள் பலர் அந்தப் பெயர்ச்சீட்டை ஏற்பதில்லை. கவசம் அசல், அதன்மேல் ஏற்றிய கதைதான் பிற்காலத்தது.

பெயர்ச்சீட்டு தவறுவது பெண்கள் கதையில் மட்டும் நடப்பதல்ல. 1613இல் தொக்குகவா ஹிதெததா இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்குக் கவசங்களைப் பரிசாக அனுப்பினார். நாராவைச் சேர்ந்த இவாய் யொசாயெமோன் செய்தவை. பிற்காலத்தில் லண்டன் கோபுரத்தில் அவற்றில் ஒன்றை முகலாயப் பேரரசர் அனுப்பியதாகக் காட்டினார்கள். அந்தத் தவறைத் திருத்தியதால் ஜப்பானுக்கோ முகலாயருக்கோ நட்டம் எதுவுமில்லை. பெண் கவசம் ‘பெண்ணுடையது அல்ல’ என்று ஆனால் மட்டும், ‘பார்த்தீர்களா, பெண்கள் போரிட்டதே கட்டுக்கதை’ என்று சொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆகவேதான் பெண்ணியவாதிகள் இந்தச் சீட்டுகளைப் பிறரைவிடக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்கிறேன்.

உண்மையில் போரிட்டவர்களுக்குக் கவசம் தேவைப்படவும் இல்லை, கிடைக்கவும் இல்லை. 1868இல் அய்சு நகரை அரசுப் படை முற்றுகையிட்டபோது நகானோ தகேகோ என்ற 21 வயதுப் பெண் சுமார் இருபது பெண்களுடன் நீண்ட பிடி கொண்ட நகினாத்தா ஆயுதத்தை ஏந்திப் போரிட்டாள். அவர்களைப் படையில் முறைப்படி சேர்க்க மேலிடம் மறுத்தது. மார்பில் குண்டு பாய்ந்து அவள் இறந்தாள். தலை எதிரியின் கையில் சிக்கக் கூடாது என்று அதை வெட்டி எடுத்து வந்து கோயிலில் அடக்கம் செய்தார்கள். அந்த அணிக்கு ‘மகளிர் படை’ என்ற பெயரே பிற்பாடு வந்தது. அதே முற்றுகையில் யமமோத்தோ யாயே போரில் இறந்த தம்பியின் உடையை அணிந்து, ஸ்பென்சர் துப்பாக்கியுடன் கோட்டைக்குள் நின்று சுட்டாள். பிறகு செவிலியராகப் பணிபுரிந்து 1932 வரை வாழ்ந்தாள். இவர்களை நினைவில் வைக்க மார்பு அகன்ற இரும்புச் சட்டை எதுவும் வேண்டாம். அவர்களுக்குப் படையில் இடம் தராதவர்கள் யார் என்பதையும் சேர்த்து எழுதினால் போதும்.

தோழிகளின் கேள்விக்கு என் பதில் இதுதான். ஆண்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையின் உள்பக்கத்தைப் பார்க்க இந்தச் சேகரிப்பு எனக்குப் பழக்கம் கொடுத்தது. அதே கண்ணால் நமக்குப் பிடித்த கதைகளின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது.

என்னிடம் உள்ள கைக்கவசத்தின் உள்துணியில் முழங்கை மடியும் இடத்தில் ஓர் ஒட்டுப் போட்டிருக்கிறது. மிகச் சிறிய, சீரான தையல். என் தலைக்கவசத்தின் உள்ளே கொல்லரின் பெயர் பொறித்திருக்கிறது. துணி தைத்தவர் பெயர் இல்லை. தைத்தது பெண்ணாகத்தான் இருக்கும் என்று பார்க்க வரும் தோழிகள் சொல்வார்கள். நானும் நினைப்பதுண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் நான் எழுதி வைக்கும் அட்டையில் ‘கொல்லர்’ என்ற வரிக்குக் கீழே ‘தைத்தவர்’ என்று இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன். அதற்கு எதிரே இப்போதைக்கு எதுவும் எழுதவில்லை.