மேற்குச் சன்னல்

மத்திய அரசுப் பணியில் மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்த நான் விழிஞ்ஞத்தில் குடியேறியதற்குக் காரணம் ஒரு சன்னல். மீன்பிடித் துறைமுகத்தையும் அப்பால் விரியும் கடலையும் பார்த்தபடி மேற்கு நோக்கித் திறந்த அதுவே, அலுவலகம் விட்டு வந்ததும் நான் சிகரெட் பற்றவைக்கும் இடமாயிற்று. "இத்தனை காற்றோட்டமுள்ள வீட்டில் புகை எங்கே தங்கப்போகிறது?" என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்வேன். அவள் மறுமொழி கூறாமல் மகளின் கட்டிலைச் சற்றே நகர்த்திப் போடுவாள்.

ஆறு வயது மகளுக்கு அடிக்கடி இளைப்பு வந்தது. கடலோர ஈரத்தின்மேல் பழியைப் போட்டேன். "வீட்டில் யாரேனும் புகைப்பதுண்டா?" என்று மருத்துவர் வினவியபோது, "சன்னலோரத்தில் மட்டும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை.

அன்று அந்தியில் மனைவி விளக்கேற்றிவிட்டு, ஊதுபத்தியை அச்சன்னலோரத்தில் வைத்தாள். அதன் புகை வெளியே செல்லவில்லை. நூலிழைபோல் உள்ளே நீண்டு மகளின் கட்டிலருகே கலைந்தது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும் என்று பள்ளியில் படித்தவன்தான் நான். அக்காற்று மாலைதோறும் என் புகையை வீட்டுக்குள் கொண்டு சேர்த்திருக்கிறது. ஆனி, ஆடி மழையில் சன்னலைச் சாத்திக்கொண்டு புகைத்த நாள்களை எண்ணி நாணினேன்.

அறியாமை என்று தப்பவும் வழியில்லை. பொது இடங்களில் புகைப்பது பிறருடைய உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்று, 1999 ஜூலை 12இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வழங்கிய இருவருள் ஒருவர் தேவகோட்டையில் பிறந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன். அச்செய்தியை பி.ஏ. மாணவனாக, விரலிடுக்கில் சிகரெட்டுடன் படித்து நகைத்தவன் நான்.

புகைக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் கவனித்து, கணவர் புகைத்தால் மனைவிக்கும் நுரையீரற் புற்றுநோய் மிகுகிறது என்று ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா 1981இலேயே எழுதினார். காற்றோட்டமோ தனியறையோ புகையின் தீங்கை முற்றும் நீக்காது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. சன்னல் புகையை நீர்க்கச் செய்யும், போக்கிவிடாது.

சொந்த ஊரில் நமக்குத் திண்ணையும் முற்றமும் இருந்தன. பிழைக்க வந்த இடத்தில் இரண்டறை வீடுதான். ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்கிறோம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்துக்கும் உணவகத்துக்கும் வரும். நம் உள்ளறைக்கு வாராது. அங்கே நாமே சட்டம்.

இருமுறை விட்டு, இருமுறை தோற்று, மூன்றாம் முறை வென்றேன். மகளின் இளைப்பு முற்றும் நீங்கிற்று என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் இன்னும் எட்டிப் பார்க்கிறது. ஊதுபத்தியும் இப்போது வாசலுக்குப் போய்விட்டது. மாலையில் மேற்குச் சன்னலில் நிற்பவள் என் மகள். கரை திரும்பும் படகுகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.