குளத்துப் பச்சை

காலை ஆறரை மணி. கும்பகோணம் மகாமகக் குளத்தின் கீழ்க்கரைப் படியில் ஒரு பெரியவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எழுபதைத் தாண்டிய வயது. மடியில் பலகை, அதன்மேல் நான்கு ஓரமும் நாடா ஒட்டிய தாள். எதிரே, தண்ணீருக்கு அப்பால் மேல்கரை மண்டபங்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து ஏறும் வெயில் நேராக அவற்றின் மேல் விழுகிறது. இடம் பார்த்து உட்காரத் தெரிந்தவர்.

நான் இரண்டு படி மேலே. அவருக்கு நான் நடைக்கு வந்து மூச்சு வாங்குகிற யாரோ ஒரு ஆள். அப்படியே இருக்கட்டும்.

அவர் பக்கத்தில் ஒரு பெண். இந்த ஊர் கவின் கலைக் கல்லூரி மாணவி என்று பேச்சிலிருந்து தெரிகிறது. அவளும் அதே மண்டபத்தைத்தான் வரைகிறாள்.

பெரியவரின் கோட்டு வேலை முடிந்துவிட்டது. குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள். அவர் எடுத்துக்கொண்டது ஒன்று. தூண்களின் நிழல் பக்கத்தில் மட்டும் சாய்கோடுகள், அவையும் நெருக்கமாக இல்லை. வண்ணத்துக்கென்று வேலை மிச்சம் வைத்திருக்கிறார். இருட்டு முழுவதையும் கோடே சொல்லிவிட்டால் அதற்குமேல் பூசுவது அழுக்காகத்தான் தெரியும். ஓவியர் மனோகர் தேவதாஸ் கறுப்பு மையில் வரைந்த மதுரை வேறு கணக்கு. அங்கே வெயிலையும் நிழலையும் கோடே சுமக்கிறது. அந்தப் படங்களில் ஒரு சொட்டு வண்ணம் வைக்கவும் எனக்கு மனம் வராது.

"ஐயோ!"

அந்தப் பெண் தூரிகையைச் சட்டென்று தூக்குகிறாள். அவளுடைய தூணின் கறுப்புக் கோடு தண்ணீர் பட்டதும் கரைந்து, காவி நிறத்தோடு சேர்ந்து சேறாக ஓடுகிறது.

பெரியவர் எட்டிப் பார்க்கிறார். "என்ன மைம்மா இது?"

"பேனா மைதான் சார். நோட்ஸ் எழுதுறது."

"எழுதுறதுக்குச் சரி."

அதற்குமேல் ஒரு சொல் இல்லை. சுண்டுவிரலை நாக்கில் தொட்டு, தன் தாளின் ஓரத்தில் முன்பே கிழித்து வைத்திருந்த ஒரு சிறு கோட்டின் மேல் அழுத்தித் தேய்க்கிறார். கோடு அப்படியே இருக்கிறது. விரலைத் திருப்பிக் காட்டுகிறார், கறை இல்லை. புகைக்கரியும் அரக்கும் சேர்ந்த இந்தியன் இங்க் காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. அதையே பேனாவில் ஊற்றினால் உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அவர் இன்னமும் தொட்டெழுதும் நிப்பை வைத்திருக்கிறார்.

இப்போது வண்ணப் பெட்டி திறக்கிறது. பன்னிரண்டு குழி, கட்டி இருப்பது நான்கில். மஞ்சள் காவி, சுட்ட சியன்னா என்கிற செங்காவி, அல்ட்ராமெரின் நீலம், ஓரத்தில் தேயாத ஒரு சிவப்பு. பச்சை கிடையாது, கறுப்பும் கிடையாது.

உடனே பூசிவிடவில்லை. கண்ணைப் பாதி மூடி எதிர்க்கரையைப் பார்க்கிறார். நானும் மூடிப் பார்த்தேன். செதுக்கு வேலை, படிக்கட்டு எல்லாம் மறைந்து வெளிச்சம் ஒரு திட்டாகவும் நிழல் ஒரு திட்டாகவும் நிற்கின்றன. பத்து நிமிடம் அப்படியே போனது.

பிறகு மஞ்சள் காவி, தண்ணீர் நிறையச் சேர்த்து. பலகையைச் சற்றே சாய்த்துக்கொள்கிறார். தூரிகை இடமிருந்து வலமாகப் போக, தீற்றலின் அடியில் வண்ணம் ஒரு நீர்மணியாகத் திரண்டு நிற்கிறது. அடுத்த தீற்றல் அந்த மணியைத் தொட்டுக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. தூண் அடிவரை வந்ததும் தூரிகையைத் துணியில் பிழிந்து, அந்த மணியின் ஓரத்தில் வைக்கிறார், உறிஞ்சிக்கொண்டுவிட்டது. வெயில் நேராகப் படும் பக்கத்தைத் தொடவே இல்லை. அங்கே தாளின் வெள்ளைதான் வெயில். சில இடங்களில் வண்ணம் கோட்டைத் தாண்டுகிறது, சில இடங்களில் கோடு வரை எட்டவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. கோட்டுக்குள் அடைத்துப் பூசியிருந்தால் மண்டபத்துக்குக் காற்று போயிருக்காது.

காயும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அரைகுறை ஈரத்தில் தூரிகை பட்டால் ஓரம் விரிந்து பூப்பூத்துவிடும். அடுத்து நிழல்: செங்காவியும் நீலமும் குழைத்த சாம்பல். கறுப்பில் எடுத்த சாம்பலாக இருந்தால் கோட்டோடு மல்லுக்கு நிற்கும். இது கோட்டுக்குப் பின்னால் அடங்கி நிற்கிறது.

பெண் புதுத் தாளில் பென்சிலால் மறுபடி தொடங்கியிருக்கிறாள். குளத்துக்காக ஒரு பச்சைக் குப்பியைத் திருகுகிறாள்.

"தண்ணி கிளிப்பச்சையாவாம்மா இருக்கு?"

அவள் நிமிர்ந்து தண்ணீரைப் பார்க்கிறாள். நெடுநேரம் பார்க்கிறாள். பெரியவர் மஞ்சள் காவியில் நீலத்தைத் தொட்டுக் குழைக்கிறார். பீங்கான் தட்டில், மங்கலாக, பாசி நிறத்தில், அந்தக் குளமே வந்துவிட்டது.

"இவ்ளோ கம்மியா வெச்சுக்கிட்டு எப்படி சார்?"

"வாரப் பத்திரிகை வேலைம்மா. அப்போ உள்பக்கத்துக்குக் கறுப்பு போக இன்னொரு நிறம்தான் தருவாங்க. சேலைக்கு வெச்சா வானத்துக்குக் கிடையாது. அதுவும் அச்சு ஒரு நூல் விலகுனா உதட்டுச் சிவப்பு கன்னத்துல போய் உட்காந்துடும்."

1950இல் 'கல்கி'யில் மணியம் படங்களோடு தொடங்கிய பொன்னியின் செல்வனைப் போல, பழைய தொடர்கதைகளைக் கிழித்துப் பைண்டு செய்து வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அந்தக் காலத்துப் பைண்டுகளைப் புரட்டினால் கறுப்போடு ஒற்றை நிறம் வைத்த பக்கங்கள் தென்படும். அந்த ஒரு நிறத்தை எங்கே வைப்பது என்று ஓவியர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! தட்டினால் லட்சம் நிறம் கொட்டும் திரையில் அந்த யோசனைக்கு இடமே இல்லாமல் போவது எனக்கு வருத்தம்தான்.

எதிர்க்கரையில் சிவப்புச் சேலை கட்டிய ஓர் அம்மாள் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் அந்தச் சிவப்புக்கு வருவதற்குள் அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். பெரியவர் வெறும் படியை ஒருமுறை பார்த்தார். பிறகு தூரிகை முனையில் சிவப்பை எடுத்து, அந்தப் படியில் ஓர் அரிசி அளவுக்கு வைத்தார். அந்தப் படத்தில் அந்தக் கட்டிக்கு இருந்த வேலை அதுதான்.

கும்பகோணத்துக்குப் போனால் ஒருநாள் வெயில் ஏறுமுன் அந்தக் கீழ்க்கரைப் படியில் உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் என்ன நிறம் என்று யாரையும் கேட்காதீர்கள். பத்து நிமிடம் நீங்களே பாருங்கள்.