ஒரு மணி நேர மயக்கம்

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்த வீட்டில், வாசல் தெளிப்பதற்கு முன்பே மாமிக்கு இன்னொரு வேலை சேர்ந்திருந்தது. கூடத்தில் சிந்தியிருக்கும் ரத்தத் துளிகளைத் துடைக்க வேண்டும். ஏழு வயது அல்சேஷன் சீஸரின் இடது மூக்கிலிருந்து இரண்டு மாதமாக விட்டுவிட்டு ரத்தமும் சளியும் வந்துகொண்டிருந்தன.

நம் ஊரில் நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சீஸருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அது இல்லை என்று வந்தது. மூக்கு நுனியில் கறுப்பு போய் வெளுத்துப் புண்ணானது. அடுத்து பார்த்த டாக்டர்தான், "பூஞ்சையா இருக்கலாம்" என்றார். பரிசோதனையில் அது ஆஸ்பர்ஜில்லஸ் என்று உறுதியானது. மண்ணிலும் மட்கிய இலையிலும் இருக்கும் பூஞ்சை அது. நீள மூக்கு நாய்களுக்குத்தான் அதிகம் வரும். நாயிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றாது.

மூக்கின் முன்னும் பின்னும் அடைத்து, குளோட்ரிமசோல் மருந்தை உள்ளே நிரப்பி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை நாயைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முழு மயக்கத்தில்தான் இது முடியும்.

"அதுக்கு முன்னாடி சி.டி. ஸ்கேன் வேற எதுக்கு டாக்டர்? அதுக்கும் மயக்க ஊசி போடணுமே!" என்றார் மாமா.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் சல்லடை மாதிரி மெல்லிய எலும்பு. "பூஞ்சை இதை அரிச்சிருந்தா மருந்து மூளைப் பக்கம் போயிடும் சார். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. ஓட்டை இருந்தா நான் மருந்தை நிரப்ப மாட்டேன்."

மாமா அதற்கு மேல் பேசவில்லை. ஸ்கேனில் எலும்பு முழுசாக இருந்தது.

சிகிச்சையன்று ஒரு மணி நேரம் முடிந்தும் சீஸர் வெளியே வரவில்லை. மாமி வடைமாலைக்கு வேண்டிக்கொண்டார். உள்ளே, மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து மருந்தை வடித்திருந்தார்கள். ஆனால், மருந்து பட்டுத் தொண்டை வீங்கியிருந்தது. அவசரப்பட்டு மூச்சுக்குழாயை எடுத்தால் மூச்சு அடைக்கும். மிச்ச மருந்து நுரையீரலுக்கும் போகலாம். வீக்கம் வடிந்து, அவன் தானே எச்சில் விழுங்கித் தலையைத் தூக்கிய பிறகுதான் குழாயை எடுத்தார்கள்.

இந்த நோய் ஒரே தடவையில் தீராத நாய்கள் நிறைய. சில வாரங்களில் சீஸரின் மூக்கில் மறுபடி சளி. இந்த முறை டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மாமாவே கேட்டார்:

"முதல்ல ஸ்கேன் எடுத்துடலாமா டாக்டர்?"