வண்டு ஒன்று, மலர் பல

கபிலரின் குறிஞ்சிப்பாட்டை நடத்தும் ஆசிரியர்க்கு ஒரு பெருமிதம் உண்டு. தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த 99 மலர்களின் பெயர்களை நூலைப் பாராது ஒப்பித்துவிட்டால் வகுப்பே வியந்து நோக்கும். அவ்வியப்பில் மயங்கியவர்களுள் நாமும் ஒருவர்.

ஒருநாள் அவ்வாறு ஒப்பித்து முடித்தபோது, கடைசி இருக்கை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, இத்தனை பூக்களும் ஒரே மலையில் பூக்கின்றன. வண்டு எல்லாவற்றையும் நாடிப் போகிறது. ஒன்றன் மகரந்தம் மற்றொன்றில் சேர்ந்து இனமெல்லாம் கலந்துவிடாதா?" என்றார். நமக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் இசையவில்லை. "இது தமிழ் வகுப்பு, தாவரவியல் வகுப்பன்று" என்று கூறி அமரச் செய்தோம். வகுப்பு சிரித்தது. அதன்பின் அம்மாணவர் வினா எழுப்பவேயில்லை.

அச்சிரிப்பு நம் நெஞ்சை உறுத்தியது. தாவரவியல் துறை நண்பரிடம் மாணாக்கராய்ச் சென்று அமர்ந்தோம். மலர்க்கு வேலிகள் பல உண்டு என்றார் அவர்.

முதல் வேலி காலம். தாமரை காலையில் விரியும்; மல்லிகை மாலையில் விரியும். இரண்டாவது வேலி வடிவம். நீண்ட குழல்போன்ற மலரின் அடியிலுள்ள தேன் நீண்ட நாவுடைய பூச்சிக்கே எட்டும். சில மலர்கள் பூச்சியின் முதுகிலும், சில அதன் வயிற்றிலும் மகரந்தத்தைப் பூசி அனுப்புகின்றன. தேனீயும் ஒருமுறை புறப்பட்டால் பெரும்பாலும் ஓரின மலரையே நாடும். இதனை அரிஸ்டாட்டில் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே குறித்துள்ளார். இவற்றையெல்லாம் கடந்து அயல் மகரந்தம் வந்து சேரினும், சூல்முடி அதனை முளைக்க விடாது. முளைத்தாலும் மகரந்தக் குழல் பாதி வழியில் நின்றுவிடுவதுண்டு.

அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் பிளாக்ஸ் என்னும் செடியில் இரண்டு இனங்கள் உண்டு. இரண்டும் தனித்தனியே வளரும் இடங்களில் வெளிர்நீல மலரையே பூக்கின்றன. சேர்ந்து வளரும் இடங்களிலோ, ஓரினம் அடர்சிவப்பாய் மாறிவிட்டது. நிறம் வேறுபட்டதால் வண்ணத்துப்பூச்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது குறைகிறது. வளமற்ற கலப்பு விதைகளும் குறைகின்றன. ஹாப்கின்ஸ், ராஷர் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டியது.

வேலிகள் முழுமையானவை அல்ல. கலப்பினங்கள் தோன்றுவதும் உண்டு. ஆயினும் நம்மைத் தலைகுனியச் செய்தது வேறொன்று. நாம் சிரிப்புக்கு இடமாக்கிய அதே வினாவைக் கையிலேந்தி அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வயல்வெளியில் நிற்கின்றனர். 99 பெயர்களை மனனம் செய்த நாம் ஒரு மலரையேனும் உற்று நோக்கினோமில்லை. பெயரைக் கேட்டு மலரை எண்ணிப் பார்த்தவர் அம்மாணவரே.

இன்றும் அப்பெயர்களை ஒப்பிக்கின்றோம். முடிந்ததும் சற்றே நின்று, "வினா உண்டா?" என்று கேட்கின்றோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் கற்றுக்கொண்டோம். இத்துறை மலர் அம்மாணவர் கையை அடையுமாயின், அன்று தராத விடை இதுவே.