கடலைப் பார்த்த கதவு

கோயிலின் தலைவாசல் கடலைப் பார்த்திருக்கிறது. இரண்டு ஆள் உயரக் கதவு. கீல்களில் உப்பு பூத்திருக்கிறது. படியில் நின்றால் மணல், கருங்கல் தடுப்புச் சுவர், கடல். பின்பக்கம் ஏ.வி.எம். கால்வாய். கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒடுங்கிய நிலம். வீடுகள், சந்துகள், குருசடி, மீன் ஏலம் போடும் இடம், பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குள்.

நீரோடி முதல் இரயுமன்துறை வரை இப்படி எட்டு ஊர்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி. ஓர் ஊரின் கோயில் மணி அடுத்த ஊருக்குக் கேட்கிறது.

2017 டிசம்பர் 3, ஞாயிறு. சவேரியார் திருநாள். 1544-இல் இந்தக் கரையோரமாக நடந்து, ஊர் ஊராக ஞானஸ்நானம் கொடுத்தவர். மற்ற வருடங்களில் அவருடைய சுரூபத்துக்கு மாலை விழும். இந்த வருடம் மாலை இல்லை. ஒக்கி புயல் அடித்து மூன்று நாள் ஆகிறது. தென்னைகள் வேரோடு கிடக்கின்றன. கரண்ட் இல்லை.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் இன்றுதான். பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை இலை வளையம். அதில் நான்கு மெழுகுதிரிகள். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற வேண்டும். கோயில்பிள்ளை முதல் திரியை ஏற்றுகிறார். கடல் காற்று அணைக்கிறது. மறுபடி ஏற்றுகிறார். மறுபடி அணைகிறது.

அவர் வாசலுக்குப் போகிறார். கதவின் ஒரு பாதியைப் பிடித்து இழுக்கிறார். படியில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். முதுகு பீடத்துக்கு, முகம் கடலுக்கு. கையில் செபமாலை.

"காத்து திரியை அணைக்குது பாட்டி. சாத்தட்டா?"

"தொறந்தே கெடக்கட்டு."

அவர் கதவை விடுகிறார். திரும்பிப் போய்த் திரியின் முன்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு நிற்கிறார். பூசை முடியும் வரை நிற்கிறார்.

வீட்டுக்காரர் எந்நேரம் வருவார் என்று தெரியாமல் விழித்திருக்க வேண்டிய வாயிற்காவலரைப் பற்றியது அன்றைய நற்செய்தி. மாலையோ, நள்ளிரவோ, சேவல் கூவும் நேரமோ, விடியலோ. ஃபாதரின் குரல் நடுவில் ஓர் இடத்தில் நின்று, பிறகு தொடர்கிறது. பெண்கள் பக்கம் நிரம்பி வழிகிறது. ஆண்கள் பக்கம் கிழவர்கள், பள்ளிச் சிறுவர்கள், ஊன்றுகோல்கள்.

வாசல் மண்டபத்தில் ஒரு கரும்பலகை. பூசை நேரமும் அன்பியக் கூட்டமும் எழுதும் பலகை. இப்போது அதில் படகுகளின் பெயர்கள். பெரும்பாலும் புனிதர்கள். மாதா பல பெயர்களில் வருகிறாள்.

எல்லாம் தங்கல் போகிற படகுகள். ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பேர். ஐஸ், டீசல், அரிசி, குடிதண்ணீர் ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும், நாற்பது நாளும் ஆகும். ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிக்கிறார்கள். கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. நவம்பர் 30-ஆம் தேதி காற்று திரும்பியபோது பலர் பல நாள் முன்பே போயிருந்தார்கள். "கிறிஸ்மஸுக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எல்லா வருடமும் சொல்வது அதுதான். நவம்பர் 30 அந்திரேயாவின் திருநாள். அவரும் மீன் பிடித்தவர்.

ஒரு பையன் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடி வருகிறான். ஒரு படகு லட்சத்தீவில் ஏறியிருக்கிறது. பலகையில் ஒரு பெயருக்கு நேரே சாக்பீஸ் கோடு விழுகிறது. இன்னொன்று மகாராஷ்டிராவில், தேவ்கட் என்ற துறையில். இன்னொரு கோடு. கோடு விழுந்த படகுக்காரனின் மனைவி சத்தம் போடவில்லை. பக்கத்தில் நிற்பவளைப் பார்க்கிறாள். அவளுடைய படகுக்கு நேரே கோடு இல்லை. இவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். கூட்டம் கலைந்த பிறகு தனியாகக் கோயிலுக்குள் போய் முழங்காலிடுகிறாள்.

அன்று பௌர்ணமி. கரண்ட் இல்லாத ஊரில் நிலா ஒவ்வொரு கல்லையும் காட்டுகிறது. தடுப்புச் சுவர் நெடுகப் பெண்கள். 53 மணிச் செபம் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிகிறது. முடிந்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்குகிறது.

டிசம்பர் 7, வியாழன். குழித்துறை ரயில் நிலையம். எட்டு ஊர்களின் சனமும் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில். கடற்கரையிலிருந்து நடந்து வந்த கால்கள். காணாமல் போனவர்களைத் தேட வேண்டும், கடல் தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போய்த் தேட வேண்டும் என்பது கோரிக்கை. ரயில் ஓடவில்லை.

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, சல்லிக் கல்லின் மேல், துண்டு விரித்துக் கிழவி. பக்கத்தில் மருமகள். மருமகளின் மடியில் தூங்கும் பையன். கோஷம் எழும்போது கிழவி கையை உயர்த்துகிறாள். அந்தக் கையில்தான் செபமாலை. கோஷம் அடங்கியதும் கை இறங்குகிறது. விரல் விட்ட மணியிலேயே நிற்கிறது. அடுத்த மணிக்கு நகர்கிறது. வியாழக்கிழமைக்கு உரியவை ஒளியின் மறையுண்மைகள். இருட்டிய பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். அது நாற்பது கைகளுக்குப் போகிறது.

இரண்டாம் ஞாயிறு இரண்டு திரி. பலகையில் கோடுகள் நின்றுவிட்டன.

மருமகள் தையல்காரரிடம் போகிறாள். அவளிடம் ஒரு சீட்டு. கிறிஸ்மஸ் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுத்தான் அவள் கணவன் கடலுக்குப் போனான். சீட்டில் தேதி, டிசம்பர் 15. தையல்காரர் சட்டையை எடுத்து வைக்கிறார். நீலக் கட்டம். கூலியை வாங்க மறுக்கிறார். அவள் பணத்தை மேசையில் வைக்கிறாள், அவர் தள்ளுகிறார், அவள் மறுபடி வைக்கிறாள். கடைசியில் எண்ணி, சில்லறையோடு வாங்கிக்கொள்கிறார்.

வீட்டில் அவள் சட்டைக்குத் தேய்ப்புப் போடுகிறாள். காலரில் ஒருமுறை, காலரில் இன்னொரு முறை. மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். கிழவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை.

கோயில் அலுவலறையில் பூசைக் கருத்து நோட்டு. நீள நோட்டு, சிவப்பு மட்டை. டிசம்பரின் முதல் பக்கங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: பத்திரமாகத் திரும்பி வர. மூன்றாம் வாரத்தில் வேறொரு வரி தலை காட்டுகிறது: ஆன்ம இளைப்பாற்றிக்காக. எழுதிக் கொடுக்க வருகிறவர்கள் கோயில்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவரும் நோட்டைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

கிழவி வருகிறாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காணிக்கையை வைக்கிறாள்.

"என்ன கருத்துக்கு பாட்டி?"

பேனா தாளின் மேல் நிற்கிறது. சன்னலில் கடல் சத்தம். கிழவி அவசரப்படவில்லை.

"கடல்ல உள்ள எம் மகனுக்குன்னு எழுதும்."

அவர் எழுதுகிறார். அவளுக்குப் பின்னால் நான்கு பெண்கள் நிற்கிறார்கள். நான்கு பேரும் அதே வரியைச் சொல்கிறார்கள். பக்கம் நிறைகிறது.

டிசம்பர் 17. மூன்றாம் ஞாயிறு ரோஜா நிறத் திரிக்கு. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று பெயர். ஃபாதர் ஊதாப் பூசையுடையிலேயே வருகிறார். கோயில்பிள்ளை தீக்குச்சியை உரசிப் பீடத்தைப் பார்க்கிறார். ஃபாதர் தலையசைக்கிறார். ரோஜா நிறத் திரி எரிகிறது. கொஞ்ச நேரத்தில் காற்று வருகிறது. உள்ளங்கை குவிகிறது.

குடில் கட்டுவது சிறுவர்கள் வேலை. இந்த வருடம் சின்னதாகப் போதும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கிழவியின் பேரன் கடற்கரையிலிருந்து சட்டி நிறைய மணல் கொண்டுவருகிறான். விழுந்த தென்னையின் ஓலை கூரைக்கு. ஆடுகள், ஒட்டகம், சூசையப்பர், மாதா. தீவனத் தொட்டியில் வைக்கோல் போடுகிறான். போட்டதை எடுத்து உதறி, முள்ளாக நிற்பதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மறுபடி பரப்புகிறான். பாலன் சுரூபம் அலமாரியில் துணி சுற்றிக் கிடக்கிறது. அது இருபத்து நான்காம் தேதி நள்ளிரவுக்கு. அதுவரைக்கும் தொட்டி காலி.

சந்தில் நட்சத்திரங்கள் தொங்கவில்லை. கேக் மணம் இல்லை. ஒரு வீட்டு வாசலில் கறுப்புத் துணி.

டிசம்பர் 24. நான்காம் ஞாயிறும் கிறிஸ்மஸுக்கு முந்தைய இரவும் இந்த வருடம் ஒரே நாளில் வருகின்றன. காலையில் நான்காவது திரி. இரவு பதினொன்றரைக்கு மணி அடிக்கிறது. பிறை முன்பே மறைந்துவிட்டது. கடல் தெரியவில்லை. அலை உடையும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு வந்து போகிறது.

சனம் வருகிறது. புதுச் சேலை யாரும் உடுத்தவில்லை. மருமகளின் கையில் ஒரு துணிப்பை. பையின் வாயில் நீலக் கட்டம் தெரிகிறது. அவள் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொள்கிறாள். பேரன் குடிலுக்குப் பக்கத்தில், பாலனைக் கொண்டுபோகும் சிறுவர் வரிசையில் நிற்கிறான்.

கிழவி படியில். அவளுடைய பையில் ஒரு பிளாஸ்க் இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்து, சூடு இருப்பது தெரிந்ததும் மூடுகிறாள்.

காற்று ஏறுகிறது. கோயில்பிள்ளை அலுவலறைக்குள் போகிறார். திரும்பும்போது கைகளில் ஒரு பழைய பிரப்பங்கூடை. கூடையில் நான்கு கண்ணாடிச் சிம்னிகள், அரிக்கேன் விளக்குகளுடையவை. ஒன்றில் கீறல். வேட்டித் தலைப்பால் ஒவ்வொன்றையும் துடைக்கிறார். ஒவ்வொரு திரியின் மேலும் ஒன்றாக இறக்குகிறார். சுடர்கள் ஆடி, நிமிர்கின்றன.

அவர் வாசலுக்கு வருகிறார். கதவின் இரண்டு பாதிகளையும் சுவரோடு சேரத் தள்ளுகிறார். கீழே குனிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுக்கிறார். கிழவி கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறாள். அவர் படியில் உட்கார்ந்து கொள்கிறார்.