இரண்டாம் பாகத்தின் சிரிப்பு

ஒரு திரைப்படம் பெருவெற்றி பெற்றுவிட்டால் அதன் இரண்டாம் பாகத்தைச் சந்தேகத்துடன் அணுகுவதே எனது வழக்கம். வென்ற குதிரையின் மீதே மீண்டும் பணம் கட்டும் வியாபாரம் என்றுதான் அதனை எண்ணி வந்திருக்கிறேன். 2001 ஓகஸ்டில் அமெரிக்காவில் வெளியான 'ரஷ் அவர் 2' படத்தையும் அந்த எண்ணத்துடனேயே பார்க்க உட்கார்ந்தேன். ஆனால், பல இடங்களில் என்னை மறந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் பின்னர் என்னைச் சிந்திக்கவும் வைத்தது.

1998 இல் வெளிவந்த முதற்படத்தில், கடத்தப்பட்ட சிறுமி ஒருத்தியை மீட்பதற்காக ஹொங்கொங் பொலிஸ் அதிகாரி லீ (ஜாக்கி சான்) லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வருகிறார். விசாரணைப் பக்கம் அவரை வரவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை கார்ட்டர் (கிறிஸ் டக்கர்) என்ற வாயாடிப் பொலிஸ்காரரிடம் ஒப்படைக்கப்படுகிறது. இரண்டாம் பாகத்தில் இயக்குநர் பிரெட் ரட்னர் இடத்தை மாற்றினார். விடுமுறைக்காக ஹொங்கொங் செல்லும் கார்ட்டருக்கு அங்கு மொழியும் தெரியாது, முறையும் தெரியாது. குண்டுவெடிப்பு, கள்ள டொலர் நோட்டுகள் என்று கதை லாஸ் வேகாஸ் வரை ஓடினாலும், அந்நியன் இப்போது யார் என்பதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது.

விமர்சகர்களில் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை. ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரங்களுக்கு ஒன்றரை மட்டுமே வழங்கினார். டக்கரின் ஓயாத பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. ரசிகர்களின் தீர்ப்போ வேறாக இருந்தது. முதல் மூன்று நாட்களில் 6 கோடியே 70 இலட்சம் டொலருக்கு மேல் வசூலானது. உலகெங்கும் சேர்ந்த தொகை சுமார் 34 கோடியே 70 இலட்சம் டொலர். முதற்படத்தின் வசூலை விட அது சுமார் 10 கோடி டொலர் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விமர்சனங்களைத் திரட்டித் தரும் 'ரொட்டன் டொமாட்டோஸ்' இணையத்தளத்தை 1998 இல் தொடங்கியவர் ஜாக்கி சானின் தீவிர ரசிகரான சென் டுவோங். 'ரஷ் அவர்' வெளிவரவிருந்த வேளையில்தான் அந்த யோசனை அவருக்குத் தோன்றியது. அதே தளத்தில் இரண்டாம் பாகத்தைப் பாராட்டிய விமர்சகர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்தான்.

என்னை உறுத்திய காட்சிக்கு வருகிறேன். சண்டையின் நடுவே கார்ட்டர் தவறுதலாக லீயின் முகத்தில் குத்திவிடுகிறார். நீங்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தானே இருக்கிறீர்கள் என்பது அதற்கு அவர் கூறும் சமாதானம். இப்படியொரு வாக்கியம் செய்திப் பிரதியில் என் மேசைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன். திரையில் கேட்டபோதோ வாய்விட்டுச் சிரித்தேன். எழுத்தில் கண்டிப்பதை இருட்டில் ரசிப்பவனா நான் என்று வெட்கமாக இருந்தது.

ஆனால், லீ வாங்கிக்கொண்டு மட்டும் நிற்பவர் அல்லர். அறைந்தால் பழைய சீன அரச வம்சத்தில் போய் விழுவாய் என்று கார்ட்டர் மிரட்டினால், உன்னை ஆபிரிக்காவுக்கே அறைந்து அனுப்புவேன் என்று லீ திருப்பிக் கொடுக்கிறார். ஒருவர் ஊரில் மற்றவர் அவமானப்பட்டுக் கணக்கும் நேராகிவிட்டது. திருப்பிச் சொல்லும் உரிமை உள்ளவனைக் கேலி செய்வது நட்பு. அந்த உரிமை அற்றவனைக் கேலி செய்வது வேறு. ஹொங்கொங் மசாஜ் நிலையத்தில் வரிசையாக நிறுத்தப்பட்ட பெண்களைக் கார்ட்டர் கடைச் சரக்குப் போலத் தெரிவு செய்யும் காட்சியில் எனக்குச் சிரிப்பு வராததற்கும் இதுவே காரணம். அந்தப் பெண்களுக்குப் பதில் கூற ஒரு வசனம்கூட எழுதப்படவில்லை.

முதற்படத்தை அமெரிக்கர்கள் ஏன் அவ்வளவு விரும்பினார்கள் என்பது தனக்கே விளங்கவில்லை என்று ஜாக்கி சான் பின்னாளில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். எனினும் அவரது ஹொங்கொங் படங்களின் வழக்கப்படி, படப்பிடிப்பில் நிகழ்ந்த தவறுகள் இதன் முடிவிலும் காட்டப்படுகின்றன. வசனத்தைத் தடுமாறிவிட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். கதையில் புதுமை தேடிய விமர்சகர்களின் குறையும் நியாயமானதே. மக்களோ அந்த இருவரையும் மீண்டும் ஒருமுறை சந்திக்கவே சென்றார்கள் என்று நினைக்கிறேன். பழைய நண்பர்களின் வீட்டுக்குப் போகிறவர் அங்கே புதிய கதையை எதிர்பார்ப்பதில்லை.